நாங்கள் கூட்டிப் பெருக்கிய ஆற்றங்கரை

விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் மரகதம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, முசிறியில ஆத்துல தண்ணி ஓடுதா?" என்பதுதான். பயணம் எப்படி, கால் வீங்கியிருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடுறப்ப ஓடும். ஓடாதப்ப பசங்க கிரிக்கெட்டு ஆடுவானுங்க," என்றேன்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? நான் ஆபீஸ்ல போயி இதைத்தான் சொல்றேன், ஆத்தைக் காப்பாத்தாம விட்டா இப்படித்தான் ஆகும்னு."

மரகதம் என் அக்கா மகள். அக்கா கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலேறியபோது நான் மூக்கு ஒழுகத் திரிந்த பொடியன். பிறகு ஒரே ஒரு தடவைதான் அவளைப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது மரகதத்தின் கணவர் சுப்பிரமணியத்துக்கு அறுபது. அறுபதாம் கல்யாணத்துக்குத் தாய்மாமன் கையால் புடவை வந்தால்தான் மணையில் உட்காருவேன் என்று அவள் அடம்பிடித்துவிட்டாள். பேத்தி எடுத்தவளுக்கு அடம் என்ன வேண்டியிருக்கிறது என்று என் மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே டிக்கெட்டும் போட்டுவிட்டான். நான் ஆயுசு முழுக்க வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றியவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்ல மகன் பெண்டாட்டிதான் எழுதுகிறாள். நடுவில் அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனால் கதை கொஞ்சம் நின்றுதான் வரும்.

வழியெல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. வாழைத்தோப்பில் வரிசை பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஒரு மரம்கூட வரிசை தப்பவில்லை, ஒரே உயரம், ஒரே இடைவெளி. முதலில் ஆச்சரியமாகப் பார்த்தேன், அப்புறம் தூங்கிவிட்டேன். கோல சிலாங்கூரில் ஒரு பாய் கடை வாசலில் எழுப்பினார்கள்.

தட்டில் ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. பரோட்டாவுக்குத் தம்பிதான். ஆனால் நம் ஊர்க் கடைக்காரர் பரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து நொறுக்கிப் போடுவாரே, அந்தக் கோபம் இதில் இல்லை. மடிந்து அமைதியாகக் கிடந்தது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. தேநீரை ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றி நுரையோடு வைத்தார்கள். கடைக்காரரின் பாட்டனார் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவராம்.

"மரகதத்தோட மாமாவா? ஒக்காருங்க. ஆத்துக்காக இந்தம்மா கையெழுத்துக் கேட்டு வந்தாங்க, நான் ரெண்டு போட்டேன்," என்றார்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு வீட்டுக்காரிக்கு. அவங்களக் கேக்காம போட்டேன்னு இன்னமும் திட்டுறாங்க."

கல்யாணம் மறுநாள் முடிந்தது. நான் கொண்டு போன மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு மரகதம் மணையில் உட்கார்ந்தாள். தாலி முடியும்போது மாப்பிள்ளைக்கு முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "மொத தடவை இவ்வளவு பயப்படலையே," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "அப்ப விசயம் தெரியாது லா," என்றார் மாப்பிள்ளை. பேச்சுக்கு வால் மாதிரி அந்த 'லா' அங்கே எல்லாருக்கும் உண்டு. சாப்பாட்டுப் பந்தியில் ஆட்டுக்கறி, ரசம், அப்பளம் எல்லாம் நம் வழக்கம்தான். ஊறுகாய்க்குப் பக்கத்தில் நெத்திலி சம்பல் வைத்ததுதான் புதுசு. காரம் நாக்கில் ஏறாமல் காதில் ஏறியது.

ஆனால் பந்தியில் ஒருவரும் மணமக்களைப் பற்றிப் பேசவில்லை. எல்லார் வாயிலும் "கெசட்டு, கெசட்டு" என்றே இருந்தது. இந்த ஊர்ப் பலகாரமோ என்று நினைத்து இலையைத் தேடினேன். பிறகுதான் மாப்பிள்ளை விவரம் சொன்னார்.

கோல சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் நடுவே ஒரு பழைய ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு, ஆற்றோரமாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மரகதம் வீடும் அதில் ஒன்று. வீடுகளுக்குப் பின்னால் ஆறு. அதில் பழைய பம்பு வீட்டிலிருந்து ஆறு வளைந்து திரும்பும் இடம் வரைக்கும், தண்ணீரையும் கரையையும் பாதுகாக்கப்பட்ட ஆறு என்று அரசாங்கம் அறிவித்து கெசட்டில் ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் இந்த ஜனங்கள் வருஷக்கணக்காக அலைகிறார்கள். ஏற்றிவிட்டால் தண்ணீர் ஓரம் வரை மரத்தைத் தள்ள முடியாது, மண் அள்ள முடியாது. இப்போது ஒரு கம்பெனி இறால் குளம் வெட்ட அதே கரையைக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பெண் அதிகாரி நேரில் வந்து பார்க்கப் போகிறாள். அவள் சரி என்று எழுதினால் கெசட். இல்லாவிட்டால் இறால்.

"அந்த ஆறு போனா உனக்கு என்னாத்தா நட்டம்?" என்று மரகதத்திடம் அன்று சாயங்காலம் கேட்டேன். அவள் வேலை பார்த்தது தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு. மீன் பிடிக்கிறவளும் இல்லை, படகு விடுகிறவளும் இல்லை.

பூவைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னாள். "லயத்தை இடிச்சப்ப எங்களை யாரும் கேக்கல மாமா. கோயிலைத் தள்ளி வைன்னு சொன்னப்பயும் கேக்கல. இந்த ஒண்ணையாவது எங்களைக் கேட்டுட்டுச் செய்யட்டும்."



இரண்டு நாள் கழித்து ஒரு கூத்து நடந்தது. மாப்பிள்ளை என்னைப் பாய் கடையில் விட்டுவிட்டு, திரும்பி வர பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் எங்கே நிற்கும் என்று காட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்திருக்கிறது. ஜனங்கள் வாயில் பழைய பெயர், பலகையில் புதுப் பெயர். எனக்கோ இங்கிலீஷ் எழுத்து பெயருக்குக்கூடத் தெரியாது. வந்த பஸ்ஸில் ஏறி, காற்று சிலுசிலுவென்று அடித்ததில் அசந்துவிட்டேன். கண் விழித்தால் இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்று நெல் வயல். குளித்தலைக்கே வந்துவிட்டேனோ என்று ஒரு நொடி நினைத்தேன். வயலில் ஒரு ஆள்கூட இல்லை, வரப்பில் ஒரு கார் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் இது குளித்தலை இல்லை என்று உறைத்தது.

அந்த ஊர் செகிஞ்சான். முழுக்கச் சீனர்கள். யாரிடம் என்ன பாஷையில் கேட்பது என்று மாம்பழக் கடை ஓரமாக நின்றேன். ஒரு சீனர் லாரியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்க போவணும்?" என்று தமிழில் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சின்ன வயசில் தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தவராம். கோல சிலாங்கூர் வரைக்கும் ஏற்றிக்கொண்டார். வழியில் இரண்டு மாம்பழம் கொடுத்தார், ஒவ்வொன்றும் குழந்தைத் தலை கனம்.

"மரகதம் அம்மா வீடா? ஆறு கேக்கிற அம்மாதானே?" என்றார். "பாவம் லா. கவர்மென்ட்டு வந்து பாக்கும், படம் புடிக்கும், கோப்பி குடிக்கும், போயிடும். இறால் கம்பெனி மட்டும் போவாது."

வீட்டுக்கு வந்ததும் இதை மரகதத்திடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மாம்பழத்தை மட்டும் கொடுத்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் ஆற்றைக் காட்டக் கூட்டிப் போனாள். எதிர்க்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் பாக் சாலே என்று ஒரு மலாய்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், சம்பான் என்கிற சின்னப் படகு வைத்திருக்கிறார். துடுப்புப் போடுகிற சத்தம்கூட வராமல் ஓட்டுகிறார். ஆறு தேத்தண்ணி நிறம். கரையோரம் பெரம்பாங் என்று ஒரு மரம், தண்ணீருக்கு மேலே கிளையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் வேர்கள் சேற்றுக்குள்ளிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மரம் அந்த விரல்களால்தான் மூச்சு விடுகிறதாம்.

இருட்ட இருட்ட மின்மினி வந்தது. முசிறியில் நான் மின்மினி பார்க்காதவனா? வாழைக்கொல்லையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, டார்ச்சு லைட்டில் பேட்டரிக் கட்டை தீர்ந்துபோன ஆள் நடக்கிற மாதிரி போகும். இது அப்படி இல்லை. ஒரு மரம் முழுக்க, இலைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன, ஒரே நேரத்தில் அணைந்தன. மரமே கண்ணைச் சிமிட்டுவது போல இருந்தது. அடுத்த மரமும் அப்படியே. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமான காரியம் இல்லை.

"இதுகளுக்கு யாரு தாளம் போடுறது?" என்று கடைசியில் கேட்டேன். மரகதம் அதை மலாயில் சொன்னாள். பாக் சாலே சொன்ன பதிலை அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்: அதைத் தெரிந்துகொள்ளத்தான் தூர தேசத்திலிருந்தெல்லாம் படித்தவர்கள் வருகிறார்களாம். இவர் படகில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகிறார்களாம். போனவர்கள் இதுவரை இவருக்குச் சொல்லி அனுப்பவில்லையாம்.

இனி மண்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவிந்தசாமி மண்டோர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். தோட்டமும் போய், வேலையும் போய் எத்தனையோ வருஷம் ஆனாலும் எல்லாரும் மண்டோரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். எண்பது தாண்டிய உடம்பு. கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை. கோயில் தலைவரும் அவரே, ஆற்றுக் கமிட்டியில் மரகதத்துக்கு அடுத்தபடி அவரே. அவர் ஒரு கையைத் தூக்கினால் அந்தக் குடியிருப்பில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

அதிகாரி வரும் நாள் காலையிலேயே மரகதமும் மாப்பிள்ளையும் ஷா ஆலமுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அதிகாரிக்கு அங்கிருந்து வழி தெரியாது, முன்னால் போய்க் காட்டிக்கொண்டு வருகிறோம் என்றார்கள். அவர்கள் வேன் தலை மறைந்ததும் மண்டோர் வந்து நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து பேர், பாராங் கத்தி, வாரி, சுண்ணாம்பு வாளி.

"முசிறிக்காரரே, கையில தெம்பு இருக்கா?"

"எதுக்குங்க?"

"பெரிய ஆள் வருது. கரையப் பாத்தீங்களா, பத்து வருசம் கூட்டாத லயம் மாதிரி கெடக்கு. தொரை வர்றாருன்னா எங்க காலத்துல வாசல்ல ஒரு எலை கெடக்காது. கெடந்தா மண்டோருக்குத்தான் மரியாத போவும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊருக்கு ஒரு முறை கலெக்டர் வருகிறார் என்று ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தோம். பூந்தொட்டியை ஸ்கூலிலிருந்து இரவல் வாங்கி வைத்தோம். கலெக்டர் வேறு ரோட்டில் போய்விட்டார். ஆனாலும் அந்த ஒரு வாரம் ஊர் பார்க்க லட்சணமாக இருந்தது.

வெயிலேறும் முன்பே இறங்கிவிட்டோம். கரையில் முழங்கால் உயரத்துக்கு மண்டிய புல், கோரை, சின்னச் செடி எல்லாவற்றையும் வெட்டி வீசினார்கள். அழுகிக் கிடந்த இலைகளை வாரிக் குவித்துத் தீ வைத்தார்கள். ஈரச் சருகு எரியவில்லை, பொழுதுக்கும் புகைந்துகொண்டே இருந்தது. பெரம்பாங் மரத்தடியில் நீட்டிக்கொண்டிருந்த வேர் விரல்கள், வருகிற அதிகாரி அம்மாவுக்குக் காலில் தடுக்கும் என்று படித்துறைப் பக்கம் மட்டும் சமமாக வெட்டப்பட்டன. மரங்களுக்கு நெஞ்சு உயரம் சுண்ணாம்பு. கோயில் திருவிழா சீரியல் விளக்கை எடுத்து வந்து கிளைக்குக் கிளை கட்டினார்கள். வாழை மரம் கட்டத் தெரியாமல் ஒருவர் சாய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கி நானே கட்டினேன். குலை வெளிப்பக்கம் பார்க்க, காற்றுக்கு அசையாமல் படகுத் துறையின் இரண்டு பக்கமும் நிறுத்தினேன். வந்த நாள் முதல் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பு வணங்கியது. அன்று மதியச் சோறும் கருவாட்டுக் குழம்பும் அமிர்தமாக இருந்தது.

பாக் சாலே எதிர்க்கரையில் நின்று பார்த்துவிட்டு என்னவோ கூப்பிட்டுச் சொன்னார். பாராங் சத்தத்தில் காதில் விழவில்லை. மண்டோர் கையை ஆட்டினார். அவரும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வேன் வந்தது. பின்னால் அதிகாரியின் கார். மண்டோர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளை முதலில் இறங்கினார். இறங்கியவர் கதவை மூட மறந்துவிட்டார். மரகதம் இறங்கினாள். கரையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். அதற்குள் அதிகாரி வந்துவிட்டாள். தலையில் துணி சுற்றிய மலாய்ப் பெண், நாற்பது வயசு இருக்கும், காலில் ரப்பர் பூட்ஸ். மரகதம் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டாள். சிரிப்பைக் கலைக்காமலே மண்டோரிடம் தமிழில் பேசினாள்.

"என்னா மண்டோரே இது?"

"சுத்தம் பண்ணியிருக்கோம்மா. எப்படி இருக்கு?"

"நான் கூட்டத்துல என்னா சொன்னேன்?"

"மரத்தை வெட்டக்கூடாதுன்ன. ஒரு மரத்துல கை வைக்கலையே. குளிப்பாட்டி வெள்ளையில்ல அடிச்சிருக்கேன்."

"பூச்சிக்கு வெளிச்சம் ஆகாதுன்னு சொன்னேன். அதோட குஞ்செல்லாம் அந்தக் குப்பையிலதான் கெடக்கும், நத்தையத் தின்னு வளரும்னும் சொன்னேன்."

மண்டோர் புகைகிற சருகைத் திரும்பிப் பார்த்தார். "இந்தக் குப்பையா?"

"அந்தக் குப்பைதான்," என்றாள் சிரித்த முகத்தோடு. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "வாழைமரம் நீங்க கட்டினீங்களா மாமா?"

"ஆமாத்தா."

"நல்லாக் கட்டியிருக்கீங்க."

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதிகாரி ஒரு மரத்தைத் தொட்டாள். உள்ளங்கை வெள்ளையானது. வாழைமரத்தையும் விளக்குச் சரத்தையும் அண்ணாந்து பார்த்தாள். இங்கே கல்யாணமா என்று மலாயில் கேட்டாளாம். மாப்பிள்ளை பதறிப்போய், "போன வாரம்தான் முடிஞ்சுது, எனக்குத்தான்," என்று பதில் சொல்லிவிட்டார். இதை அவரே பிறகு என் காதில் சொன்னார். அன்று முழுக்க மலாயில் நடந்ததெல்லாம் அவர் வாய் வழியாக என் காதுக்கு வந்ததுதான். அவள் குனிந்து, வெட்டிய வேர்களைப் பார்த்தாள். அப்போது மட்டும் அவள் முகம் மாறியது எனக்கே தெரிந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இருட்டத் தொடங்கியது. யாரோ பழக்கத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். சிவப்பும் பச்சையுமாகக் கரை முழுக்க ஜொலித்தது. அதிகாரி எதுவும் சொல்வதற்கு முன்பே மண்டோர் நடந்து போய் அதை அணைத்தார்.

சம்பானில் ஏறினோம். அதிகாரி, மரகதம், மாப்பிள்ளை, மண்டோர், நான். பாக் சாலே எங்கள் கரை ஓரமாகவே ஓட்டினார். புகை இன்னும் தண்ணீர் மேலே தவழ்ந்துகொண்டிருந்தது. நான்கு நாள் முன்பு கண்ணைச் சிமிட்டிய மரங்கள் கறுப்பாக நின்றன. இருட்டிலும் சுண்ணாம்பு மட்டும் தெரிந்தது, கால் வரைக்கும் வேட்டி கட்டிய ஆட்கள் வரிசையாக நிற்பது மாதிரி. ஒரு கிளையில் ஒன்றிரண்டு மின்மினி எரிந்தது. அதுவும் போய்விட்டது. மரகதம் மடியில் கையைக் கோத்து வைத்திருந்தாள். அந்தக் கை பிரியவேயில்லை.

படகு வளைவுப் பக்கம் போனது. அங்கே எங்கள் பாராங் போகவில்லை. புல்லும் செடியும் தண்ணீரில் விழுந்து கிடந்தன. மரங்கள் முழுக்க வெளிச்சம், எரிந்து அணைந்து எரிந்தது. பாக் சாலே துடுப்பை எடுத்துப் படகில் வைத்துவிட்டார். அதிகாரி வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் திரும்பி, நாங்கள் வந்த இருட்டையும் பார்த்தாள்.

படகுத் துறைக்குத் திரும்பியதும் மண்டோர்தான் முதலில் பேசினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். தோட்டத்து மலாய், உடைசல் உடைசலாக. மாப்பிள்ளை எனக்குச் சொன்னார்: "இதைச் செஞ்சது நான், இந்தம்மா இல்ல, இந்தம்மா வேணாம்னு சொல்லியிருந்துச்சு, எழுதுறதா இருந்தா என் பேரை எழுதுங்கன்னு சொல்றாரு."

அதிகாரி பெயரை எழுதவில்லை. அவள் நிதானமாகப் பேசினாள், மாப்பிள்ளை அவ்வப்போது நிறுத்தி எனக்குச் சொன்னார். கெசட்டில் ஏற்றினால் அந்தச் சட்டம் இறால் கம்பெனியை மட்டும் கட்டாது, உங்களையும் கட்டும். கரையில் புல் வெட்டக்கூடாது, சருகு வாரக்கூடாது, நெருப்புக் கூடாது, விளக்குக் கூடாது. இங்கே வருஷா வருஷம் கோயில் கரகம் எடுக்கிறீர்கள், கரையைச் செதுக்கி விளக்குப் போட்டுத்தானே எடுக்கிறீர்கள்? அதுவும் கூடாது. ஒரு ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதை வேண்டுமானால் இருக்கலாம். இதற்கு நீங்கள் சம்மதமா? இன்றைக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு, உங்கள் வாயால் கேட்காமல் நான் சரி என்று எழுத முடியாது.

ஆற்றைக் கேட்டது மரகதம். கோயில் மண்டோருடையது. அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கரகம் எடுக்குற எடத்துல பாம்பு கெடக்கும்," என்றார் மண்டோர் தமிழிலேயே, யாருக்கும் இல்லாத மாதிரி.

"கைவெளக்கு கொண்டு போலாம்," என்றார் மாப்பிள்ளை.

"புல்லு இடுப்பு வரைக்கும் வரும். அப்படியே விடணுமா?"

"அப்படியே விடணும்."

"கோயில் எடத்துலயா?"

ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கச் செய்த வேலையை, இனிமேல் செய்யாதே, செய்யாமலிருப்பதுதான் வேலை என்றால் அவர் என்ன செய்வார்? வாழைத்தாரை வெட்டாதே, கொல்லையிலேயே பழுத்து விழட்டும் என்று என்னிடம் சொன்னால் நான் சம்மதிப்பேனா என்று யோசித்தேன். சம்மதிக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது.

மண்டோர் தொப்பியைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தலையில் வைத்தார். "போலே," என்றார். முடியும், சரி என்று அர்த்தம். உடனே விரலைத் தூக்கி இன்னும் என்னவோ சொன்னார். அதிகாரி முதல் முறையாகச் சிரித்தாள். மரகதமும் சிரித்தாள், இந்தத் தடவை ஒட்டிய சிரிப்பு இல்லை.

"என்னாங்க மாப்பிள்ளை?"

"பலகை வைக்கணுமாம். இந்த எடம் சட்டப்படி கூட்டாம விட்டதுன்னு பெருசா எழுதணுமாம், தமிழ்லயும் எழுதணுமாம். இல்லாட்டி மண்டோருக்கு வயசாயிடுச்சு, வேலை வாங்கத் துப்பில்லன்னு ஊர்ல பேசுவாங்களாம்."

இரண்டு நாள் கழித்து அதிகாரியிடமிருந்து மரகதத்துக்குப் போன் வந்தது. சரி என்று எழுதி மேலே அனுப்பிவிட்டாள். கெசட் அதன் நடையில்தான் வரும், ஆனால் அது வரும் வரைக்கும் இறால் குளத்துக்குக் கரையைக் கொடுக்க மாட்டார்களாம். மரகதம் போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அன்று பாயசம். பாய் கடைக்கும் ஒரு பாத்திரம் போனது, பாக் சாலேக்கும் போனது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கரைக்குப் போனேன். மழை பெய்திருந்தது. சுண்ணாம்பு பாதி கரைந்து வழிந்திருந்தது. எரிந்த இடத்தில் அதற்குள் புல் தலைகாட்டியிருந்தது, காற்றுக்கு உதிர்ந்த இலைகள் அங்கங்கே ஒட்டிக் கிடந்தன. மண்டோர் கோயிலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டு உட்கார்ந்திருந்தார். அதே தேய்த்த சட்டை. கோயில் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"மண்டோரே, இதையும் ஒரு இழுப்பு இழுத்துரவா?"

"தொடாத."

"குப்பையா கெடக்கே."

"கெடக்கட்டும். உத்தரவு."

அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். ஒரு பலகாரப் பொட்டலத்தின் காகிதம் காற்றில் வந்து புல்லில் சிக்கியது. மண்டோர் எழுந்து போய் அதை எடுத்தார். கூடவே ஒட்டி வந்த இலையை விரலால் பிரித்து, எடுத்த இடத்திலேயே போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார்.

"முசிறிக்காரரே, உள்ளதைச் சொல்லுங்க. ஒங்க கண்ணுக்கு அழுக்காத் தெரியுதா?"

"தெரியுதுங்க," என்றேன்.

"எனக்குந்தான்," என்றார். நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.